பூஞ்சை உடம்பு

தமிழில் ‘பூஞ்சை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஊறுகாய் ஜாடியின் மேல் வெள்ளையாகப் படர்வதும் பூஞ்சை. நாலு குடம் தண்ணீர் தூக்கினால் இரைக்கிற நோஞ்சான் உடம்பும் பூஞ்சை. முதல் பொருளுக்குப் பூசணம், பூஞ்சணம், பூஞ்சக்காளான் என்று வேறு சொற்களும் இருக்கின்றன. இரண்டாம் பொருளில் இந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டது பெண்களைப் பற்றிய பேச்சில்தான். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து தரகர் பதில் கொண்டுவருவார்: “பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. உடம்புதான் பூஞ்சையா இருக்கும்போல.” அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை குடம், எத்தனை பிரசவம், எத்தனை பேருக்குச் சமையல் என்ற கணக்கு முழுவதும் இருக்கும்.

இரண்டு பொருளும் ஒரே உடம்பில் சந்திப்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவத்தில் அதற்குச் ‘சந்தர்ப்பவாதத் தொற்று’ என்று பெயர். நல்ல உடம்பில் ஒன்றும் செய்யாமல் கிடக்கும் கிருமி, நோய் எதிர்ப்பு குறையும்போது தலையெடுப்பது. பூஞ்சைகள் பலவும் அப்படித்தான். காற்றில், மண்ணில், பழைய ரொட்டியில், நம் தோலில், வாயில், குடலில் எல்லா நேரமும் இருக்கின்றன. நாம் மூச்சு விடும்போதெல்லாம் அவற்றின் வித்துக்களை உள்ளே இழுக்கிறோம். உடம்பின் காவல் சரியாக இருக்கும்வரை நமக்கு அவை ஒரு பொருட்டே இல்லை. எச்.ஐ.வி., புற்றுநோய்க்கான கீமோதெரபி, உறுப்பு மாற்று சிகிச்சை, கட்டுக்கடங்காத சர்க்கரை, நீண்டநாள் ஸ்டீராய்டு போன்றவற்றில் ஏதாவது ஒன்று அந்தக் காவலைத் தளர்த்திவிட்டால் நிலைமை மாறிவிடும்.

என் காவலைத் தளர்த்தியது மருந்து. 36 வயதில் எனக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே பகையாக எண்ணித் தாக்கும் நோய் அது. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். எனக்கு மூட்டுகளில் தொடங்கிச் சிறுநீரகம்வரை போயிருந்தது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் மைக்கோஃபீனோலேட் என்ற மாத்திரையும் எழுதித் தந்தார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: எதிர்ப்பை அடக்குவது. எதிர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, எதிர்ப்பைக் குறைத்தால்தான் பிழைப்பாய் என்று ஒரு மருந்துச் சீட்டு. சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். இன்றும் அந்த மருந்தால்தான் உயிரோடு இருக்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து நாக்கில் வெள்ளை படிந்தது. தயிர் சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்காததுபோல ஓர் ஏடு. கன்னத்தின் உட்புறத்திலும் திட்டுத் திட்டாக இருந்தது. எதைச் சாப்பிட்டாலும் பஞ்சை மென்றதுபோல இருந்தது, காரம் பட்டால் எரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். “எட்டி, அது உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் ஊத்தி வச்சுத் தாறேன்” என்றாள். அம்மாவின் காலத்தில் பெண்களுக்கு வருவதெல்லாம் சூடுதான். வாய்ப்புண் சூடு, வெள்ளைப்படுதல் சூடு, நீர்க்கடுப்பு சூடு. யாரிடமும் சொல்லிக் கொள்ள முடியாததை எல்லாம் வைத்து மூட அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த மூடி அது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய், நான் எடுக்கும் மாத்திரைகளின் பெயரையும் சொல்லி, நாக்கையும் சொன்னேன். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. “காலேஜ் டென்ஷன் மேடம். நைட் நல்லாத் தூங்குங்க” என்று சொல்லி பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார் மருத்துவர். பத்து நாளில் தண்ணீர் விழுங்கினாலே நெஞ்சுக்கூட்டின் நடுவில் முள் இறங்குவதுபோல வலித்தது. எட்டுக் கிலோ எடை குறைந்தேன். பாடம் நடத்துவது என்பது நாக்கால் செய்கிற வேலை. ஒரு மணி நேர வகுப்புக்குப் பிறகு அறைக்கு வந்து ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அரசு மருத்துவமனையில்தான் முதன்முதலில் ஒருவர் என் வாய்க்குள் பார்த்தார். மேற்படிப்புப் படிக்கும் பெண் அவர், என் மாணவிகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மரக்குச்சியால் வெள்ளையைச் சுரண்டினார். ஏடு பெயர்ந்து அடியில் சிவந்த புண் தெரிந்தது. “இது கேண்டிடா மேடம். பூஞ்சை. விழுங்கினா வலிக்குதுன்னா உணவுக்குழாய்லயும் இறங்கியிருக்கும்” என்றார். எண்டோஸ்கோபியில் அதுவே உறுதியானது. எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்வியைக் கேட்டார்: “கீழே அரிப்பு, வெள்ளைப்படுதல் ஏதாவது இருக்கா?”

இருந்தது. அதை அதற்குமுன் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

மூன்று வாரம் ஃப்ளூக்கோனசோல் மாத்திரை. ஐந்தாம் நாளே வலியில்லாமல் விழுங்கினேன். ஒரு கிண்ணம் ரசம் சாதம் தொண்டையில் தடையின்றி இறங்கியபோது அழுதேன்.

கேண்டிடா நமக்கு அந்நியமே இல்லை. நல்ல உடம்போடு இருக்கும் பெண்களிலேயே நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பிறப்புறுப்பில் அந்தத் தொற்று வருகிறது. கர்ப்பத்திலும், சர்க்கரை ஏறும்போதும், ஆன்டிபயாடிக் எடுக்கும்போதும் வாய்ப்பு கூடும். இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. மகளின் உள்ளாடை கொடியில் துண்டுக்கு அடியில் ஒளிந்து, வெயில் படாமல், பாதி ஈரத்தோடு காய்கிறது. அரிப்பு என்று மருந்துக்கடையில் நின்று சொல்லக் கூசி, அண்ணனிடமோ கணவனிடமோ ‘ஒரு ஆயின்மென்ட்’ என்று சொல்லி அனுப்புகிறோம். வருகிற குழாயில் பல நேரம் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு அந்த இடத்துக் காவலைத் தளர்த்திவிடுவதால் பூஞ்சை அகலமாகப் படரும். நாட்டில் படர்தாமரை இன்று மருந்துக்கு மசியாத நோயாகிக்கொண்டிருப்பதற்கு இந்தக் குழாய்களும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள். இதே ஸ்டீராய்டுக் களிம்பைத்தான் முகம் வெளுக்கும் என்று நம்பி எத்தனையோ பெண்கள் மாதக்கணக்கில் பூசுகிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆனாலும் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கடைகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாநிறத்தை நோய் என்று நம்பவைத்த சமூகம், அதற்கு விற்கும் மருந்தால் உண்மையான நோயைத் தருகிறது.

தமிழ் படித்தவளுக்கு இதில் இன்னொரு வியப்பு. சங்கப் பாடல்களில் பெண்ணின் மார்பில் படர்ந்த சுணங்கு அழகென்று போற்றப்படுகிறது. உரையாசிரியர்கள் அதற்குத் தேமல் என்று உரை எழுதினார்கள். பாட்டில் வந்த சுணங்கும் இன்று மருத்துவர் பார்க்கிற தேமலும் ஒன்றுதான் என்று நான் சாதிக்கவில்லை. இன்றைய தேமல் மலசீசியா என்ற பூஞ்சையால் வருவது, எல்லார் தோலிலும் குடியிருப்பது. ஆனால் பெண்ணின் தோலில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துப் பாடிய மரபு, அவள் உடம்புக்குள் எரிவதை எங்கே கேட்டது என்று அந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் தோன்றும். பார்ப்பதும் கவனிப்பதும் ஒன்றல்ல.

யாரை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பது எய்ட்ஸின் வரலாற்றிலும் இருக்கிறது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற அபூர்வமான நிமோனியா. அனைவரும் தன்பாலீர்ப்பாளர்கள். ஐந்து பேருக்கும் கேண்டிடாவும் இருந்தது. எய்ட்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அதைக் காட்டிக்கொடுத்தவை பூஞ்சைகள். நியூமோசிஸ்டிஸ் ஒரு பூஞ்சை என்பதே அன்று தெரிந்திருக்கவில்லை. ஓரணுவுயிர் என்றே கருதியிருந்தார்கள், சில ஆண்டுகள் கழித்துத்தான் மரபணு ஆய்வு அதைப் பூஞ்சையின் பக்கம் சேர்த்தது. சாகத் தொடங்கியிருந்த அந்த இளைஞர்களை அவர்கள் நாடு ஒழுக்கக்கேட்டின் கணக்கில் எழுதியது.

இந்தியாவில் அந்தக் கணக்கு பெண்களின் பெயரில் தொடங்கியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எச்.ஐ.வி.யைத் தேடினார்கள். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்துக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் நிர்மலா ரத்த மாதிரி எடுத்தார். அவற்றைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். 6 பெண்களுக்குத் தொற்று இருந்தது. கண்டுபிடித்த இருவரும் பெண்கள், அந்த அறுவரும் பெண்கள். சுனிதி சாலமன் பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் நோயாளிகளுக்காகக் கொடுத்தார், 2017இல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அறுவரிடமும் நோய் யாரோ ஓர் ஆணிடமிருந்து வந்திருக்கும். ஊர்ப்பேச்சில் அந்த ஆண்கள் இல்லை. நோயைப் பரப்புகிறவள் என்று ஒரு பெண்ணுருவம் மட்டும் எழுந்து நின்றது. கணவனிடமிருந்து தொற்று பெற்று, நாக்கில் வெள்ளையும் ஓயாத தலைவலியுமாக மருத்துவமனை வாசலில் ஒதுங்கி நின்ற மனைவிகளும் பின்னால் அந்த உருவத்தின் நிழலில்தான் நிற்க நேர்ந்தது. அந்தத் தலைவலி கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையைத் தாக்கியதாலும் இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிப்பவற்றில் அது முக்கியமானது.

அதனால்தான் ‘சந்தர்ப்பவாதம்’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. கட்சி மாறுகிறவரைத் திட்டுகிற சொல்லைக் கொண்டு பூஞ்சையைத் திட்டுகிறோம். பூஞ்சைக்கு நோக்கம் கிடையாது. ஈரமும் உணவும் இருந்து தடுக்க ஆளில்லாத இடத்தில் அது வளரும், அவ்வளவுதான். அந்தச் சந்தர்ப்பத்தை உண்டாக்கியது யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஒருவகையில் பூஞ்சை ஒரு தகவல். உள்ளே காவல் குறைந்துவிட்டது என்று வெளியே எழுதிக் காட்டுகிறது. அதை வாசிக்க ஆள் வேண்டும். பெண் உடம்பில் அது எழுதப்படும்போது வாசிப்பார் இல்லாமல் போவதுதான் ஆபத்து.

2021இல் ஒரு மாணவியின் அம்மாவுக்கு அது நடந்தது. பீடி சுற்றுகிறவர், சர்க்கரை உண்டு. மே மாதம் கொரோனா வந்து, ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கொடுத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள். மூச்சு திணறியவர்களுக்கு ஸ்டீராய்டு உண்மையிலேயே உயிர்காத்த மருந்து. ஆனால் அது சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பை இறக்கும். வீடு திரும்பிய மறுநாளே அடுப்படிக்கு வந்துவிட்டார், மற்ற நாலு பேரும் படுத்திருந்தார்கள். ஒரு பக்கக் கன்னம் மரத்தது, மேல்வரிசைப் பல் ஆடியது, மூக்கிலிருந்து கருஞ்சிவப்பாக நீர் வந்தது. பல்வலிக்கு ஒரு கிராம்பு வைத்துக்கொண்டு சமைத்தார். கண் வீங்கி மூடிய பிறகுதான் மகள் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். “மேம், அம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு மேம்.”

கருப்புப் பூஞ்சை என்று செய்திகளில் அடிபட்ட மியூகர்மைகோசிஸ் அது. அந்தப் பூஞ்சை கருப்பு இல்லை. ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைப்பதால் அதன் வழியில் உள்ள சதை செத்துக் கருக்கிறது. மே 20 அன்று தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகவும், 4,300 பேருக்கு மேல் இறந்ததாகவும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆம்ஃபோடெரிசின் ஊசிக்காக ஊர் ஊராக ஆட்கள் அலைந்தார்கள். அவருக்கு ஊசி கிடைத்தது. ஒரு கண்ணையும் மேல்தாடையின் ஒரு பகுதியையும் எடுத்த பிறகு பிழைத்தார். அண்ணத்தின் ஓட்டையை மூட ஒரு தட்டு செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைக் கழற்றினால் பேச்சு புரியாது, கஞ்சி மூக்கு வழியே வரும்.

அவரைப் பார்க்கப் போனபோது, முகம் மாறியது எப்போது தெரிந்தது என்று கேட்டேன். “கண்ணாடி பாத்தாத்தான டீச்சரம்மா தெரியும்? அத்தன பேருக்குக் கஞ்சி காச்சுறதுக்குள்ள எனக்கு எங்க நேரம்” என்றார். அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். அவருடைய முகத்தை ஒருவாரம் யாரும் பார்க்கவில்லை.

பூஞ்சை நோய்க்கு மருந்துகள் குறைவு. பாக்டீரியாவைக் கொல்வதுபோல் எளிதாகப் பூஞ்சையைக் கொல்ல முடியாது. அதன் உயிரணு அமைப்பு நம்முடையதற்கு நெருக்கமானது, அதைத் தாக்கும் நஞ்சு நம்மையும் தாக்கும். அந்தச் சிறு வேறுபாட்டைத் தேடிக் கண்டவர்கள் இரண்டு பெண்கள். 1940களில் ஆன்டிபயாடிக்குகள் வந்து பாக்டீரியாவை அழித்தபோது, காலியான இடத்தில் பூஞ்சைகள் பெருகின. அவற்றுக்கு மருந்து தேடி, நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்திலும், வேதியியலாளர் ரேச்சல் பிரவுன் ஆல்பனியிலும் இருந்தபடி சேர்ந்து உழைத்தார்கள். ஹேசன் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்துக் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலுள்ள வேதிப்பொருளைப் பிரித்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். ஹேசன் மறுபடி சோதிப்பார். வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பண்ணை மண்ணில் அவர்கள் தேடியது கிடைத்தது. 1950இல் அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரால் நிஸ்டாட்டின் என்று அழைத்தார்கள். பூஞ்சையின் உறையில் நம் உடம்பில் இல்லாத ஒரு கொழுப்பு உண்டு. அதைப் பற்றிக்கொண்டு துளையிடுவது அந்த மருந்து. காப்புரிமையிலிருந்து வந்த 1 கோடியே 30 லட்சம் டாலரில் தங்களுக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல், முழுவதையும் ஆராய்ச்சிக்கும் படிப்புதவிக்கும் எழுதிவைத்தார்கள். என் வாய்க்குத் தந்தது வேறு மருந்து. ஆனால் பூஞ்சையை மருந்தால் வெல்லலாம் என்று காட்டிய வழி அந்த ஜாடிகளில் வந்தது.

2022இல் உலகச் சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 19. முதல் வரிசையில் உள்ள நான்கில் ஒன்று கேண்டிடா ஆரிஸ். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. ஜப்பானில் 70 வயதுப் பெண் ஒருவரின் காதிலிருந்து எடுத்து 2009இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். மருந்துகளுக்கு அசையாமல் இன்று உலகமெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை அச்சுறுத்தும் பூஞ்சை அது. மனிதருக்கான பூஞ்சைத் தடுப்பூசி இன்னும் ஒன்றுகூட இல்லை. ஆக, சீக்கிரம் பார்ப்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது.

என் மாணவிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பை இதற்காக ஒதுக்குகிறேன். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தால் வாயைக் கொப்பளியுங்கள். ஸ்டீராய்டோ எதிர்ப்பை அடக்கும் மாத்திரையோ எடுக்கிறவர், சர்க்கரை உள்ளவர், கீமோதெரபியில் இருப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர் யாராக இருந்தாலும், நாக்கில் வெள்ளை, விழுங்க வலி, ஒரு பக்க முகவீக்கம் அல்லது மரப்பு, இரட்டையாகத் தெரியும் பார்வை, தீராத தலைவலி, ஆறாத காய்ச்சல் இருந்தால் சூடு என்று விடாதீர்கள். எடுக்கிற மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம், அதன் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயைத் திறக்கச் சொல்லாத மருத்துவரிடம் நீங்களே திறந்து காட்டுங்கள். உள்ளாடையை வெயிலில் போடுங்கள். கடைசி வரிக்கு முதல் வருஷப் பெண்கள் சிரிப்பார்கள். மூன்றாம் வருஷத்தில் அவர்களே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள்.

அந்த மாணவி இப்போது ஓர் ஊராட்சிப் பள்ளியில் ஆசிரியை. அவள் அம்மா முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு மறுபடியும் பீடி சுற்றுகிறார். அவர்கள் தெருவில் தட்டோடு திண்ணையில் உட்காரும் பெண்களில் சர்க்கரைக்காரர்கள் நாலைந்து பேர். யாராவது பல் வலிக்குது, கன்னம் கனக்குது என்றால் போதும். தட்டை இறக்கி வைத்துவிட்டுச் செல்போனில் விளக்கைப் போடுவார். “ஏட்டி, இங்க வெளிச்சத்துக்கு வா. வாயத் தொற, பாப்போம்.”